ஆண் வண்டு இல்லாத கீரைத் தோட்டம்

2019 மே 14, செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, மேற்குக் கென்யாவில் லுசெங்கேலி என்ற ஊரில், ஜெரிதா முஹோன்ஜாவின் முக்கால் ஏக்கர் மணத்தக்காளிக் கீரைத் தோட்டத்தில் பதினொரு வண்டுகள் காணப்பட்டன. ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டர் நீளம், கருநீல நிறம். கண்டவர் பயிர்நல வாரியத்தின் ஆய்வாளர் கெஃபா லிகுயானி.

வாரியத்திடம் இரண்டு பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் இருப்பவை கெடுதல் செய்யும் பூச்சிகள். மருந்தடித்து, பதினான்கு நாள் பொறுத்து, கீரையை விற்கலாம். இரண்டாம் பட்டியலில் இருப்பவை கெடுதல் செய்யாதவை. கீரையை அன்றே விற்கலாம். இரண்டிலும் இல்லாத பூச்சிக்கென்று தனியாக ஒரு விதி இருந்தது. கீரையை விற்கக் கூடாது, பிடுங்கக் கூடாது, மருந்தும் அடிக்கக் கூடாது. இன்னதென்று தெரியாத ஒன்றைக் கொல்வது வாரியத்தின் கொள்கைக்கு ஏற்றதல்ல.

கெஃபா பட்டியல்களை இரண்டு முறை புரட்டினார்.

"எதுலயும் இல்லம்மா."

"இலையில ஓட்டை போடும் தம்பி, வேற ஒண்ணும் பண்ணாது. தட்டிவிட்டுட்டுப் பறிப்போம்" என்றார் ஜெரிதா. "கெட்டதுன்னு எழுதிக்கோ, மருந்தடிக்கிறேன். நல்லதுன்னு எழுதிக்கோ, விக்கிறேன். ஏதோ ஒண்ணு எழுது."

"ரெண்டுல எதை எழுதவும் எனக்கு அதிகாரம் இல்ல. முதல்ல இது என்னன்னு தெரியணும்."

"வண்டு."

"அது தெரியுதும்மா. என்ன வண்டு?"

"கீரை வண்டு."

கெஃபா அதை எழுதிக்கொள்ளவில்லை. தடை உத்தரவை எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜெரிதா ஒன்பது ஆண்டுகளாக ஊருக்கு மேற்கே இருக்கும் பெண்கள் விடுதிப் பள்ளிக்கு வாரம் மூன்று நாள் கீரை கொடுத்து வந்தார். அறுநூற்று நாற்பது மாணவிகள். திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் உகாலி என்ற சோளக்களியோடு அவர்கள் தின்றது இவருடைய கீரையைத்தான். பள்ளியின் பண்டக சாலைப் பொறுப்பாளர் பாத்ரோபா நல்ல மனிதர். தடை உத்தரவைப் படித்துவிட்டு அவர் தொலைபேசியில் சொன்னார்:

"நவம்பர் கடைசி வரைக்கும் வேற எடத்துலேர்ந்து வாங்கிச் சமாளிக்கிறேன் அக்கா. அதுக்குள்ள வாரியத்தோட அனுமதிச் சீட்டு கொண்டு வந்துடுங்க. வந்தா அடுத்த மூணு வருஷத்துக்கும் உங்க பேரு. வரலேன்னா என் கையில ஒண்ணுமில்ல."

ஜெரிதாவின் ஓரகத்தி கெட்சியா பக்கத்து மனைக்காரி. அவளுடைய கீரையிலும் அதே வண்டுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் சந்தையில் விற்பவள். சந்தைக் கீரையை யாரும் ஆய்வு செய்வதில்லை.

"ஊர் பூரா அதே வண்டுதான் அக்கா" என்றாள் கெட்சியா. "பள்ளிக்கூடத்துக்குப் போறதால உன் வண்டுக்கு மட்டும் அடையாள அட்டை கேக்கறான்."

வண்டுக்குப் பெயர் சொல்லும் அதிகாரம் நைரோபிக்கு வெளியே இருக்கும் தேசிய இலைவண்டு ஆய்வு நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு என்று தெரியவந்தது. ஜெரிதா பழக்கூழ் பாட்டில் ஒன்றில் பதினாறு வண்டுகளையும் கொஞ்சம் இலையையும் போட்டு, மூடியில் ஊசியால் துளையிட்டு, பேருந்து ஏறினார். நைரோபியில் கவாங்வாரே பகுதியில் தம்பி வீட்டில் தங்கி, மறுநாள் காலை நிறுவனத்தின் வாசலுக்குப் போனார்.

வாசலில் பதிவேடு இருந்தது. பெயர், அடையாள எண், தொலைபேசி, எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க, என்ன காரியம், உள்ளே போன நேரம், கையெழுத்து.

"பாட்டில்ல என்ன?" என்றார் காவலாளி.

"வண்டு. பதினாறு."

காவலாளி யோசித்தார். உள்ளே போவது எதுவானாலும் பதிவாக வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. நிறுவனத்தின் ஆண்டறிக்கைப்படி அன்று வந்த பார்வையாளர்களின் எண்ணிக்கை பதினேழு. அந்த ஆண்டில் அதுவே மிக அதிகம்.

உள்ளே முரேதி என்ற தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது. வண்டுகளை ஊசியில் குத்தி, அடியில் மயிரளவு எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டுவது அவர் வேலை. நிறுவனத்தில் வண்டைப் பார்த்து வேலை செய்பவர் அவர் ஒருவரே. மற்ற முப்பத்தோரு பேரும் நிர்வாகம்.

அவர் ஒவ்வொரு வண்டாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஜெரிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பதினாறும் பொம்பளை" என்றார் முரேதி.

"அதனாலென்ன?"

"பொம்பளைய வெச்சுப் பேரு சொல்ல முடியாதும்மா. இந்த வண்டுகள்ல நிறம், பளபளப்பு, கால், மீசை எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும். வெளிய தெரியறதை நம்பவே கூடாது. ஆம்பளை வண்டோட வயித்துக்குள்ள ஒரு உறுப்பு இருக்கு. ஒரு மில்லிமீட்டர். அது எப்பிடி வளைஞ்சிருக்கு, நுனி கூரா, மொட்டையா... அதுதான் ஒவ்வொரு இனத்துக்கும் வேற வேற."

ஜெரிதாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பொம்பளப் புள்ளைங்க கீரை திங்கறதுக்கு இதையா அண்ணே பாக்கணும்?"

"நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு ஆணைப் பிடிச்சுட்டு வாங்க, போதும்."

இயக்குநர் பேராசிரியர் ஆரோன் முதிசோவையும் அன்றே பார்க்க முடிந்தது. அவர் எளியவர். விவசாயிகளை உட்காரச் சொல்லிப் பேசுவார்.

"இந்த நிறுவனம் தொடங்கி வர்ற நவம்பரோட பத்து வருஷம் ஆகுதும்மா" என்றார். "இந்தப் பத்து வருஷத்துல ஒரு வண்டுக்குக்கூட நாங்க தப்பான பேரு வெச்சதில்ல."

"எத்தனை வண்டுக்குப் பேரு வெச்சிருக்கீங்க ஐயா?"

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணுக்குக்கூட தப்பா வெக்கல."

கூட வந்திருந்த முரேதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்படக் கூடாது" என்று தொடர்ந்தார் பேராசிரியர். "உங்க வண்டு மாதிரி ஒண்ணை 1894-ல ஒரு வெள்ளைக்காரர் பிடிச்சுட்டுப் போயிருக்கார். ஐரோப்பாவுல ஒரு அருங்காட்சியகத்துல இருக்கு. முதல்ல அதோட ஒப்பிடணும். அதுவேன்னா பழைய பேரு. இல்லேன்னா புதுப் பேரு. கடிதம் எழுதறோம். நீங்க ஆணைக் கொண்டு வாங்க. அறிவியலும் விவசாயியும் கைகோத்து நடக்கணும்கறது என்னோட கனவு."

திரும்பும்போது வாசலில் தகராறு. பதினேழு உள்ளே போயிருக்கிறது, ஒன்றுதான் வெளியே வருகிறது என்றார் காவலாளி. முரேதி வந்து, பதினாறு பேரும் உள்ளே தங்கிவிட்டதாக எழுதிக் கொடுத்த பிறகு ஜெரிதாவை விட்டார்கள்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஜெரிதா காலையில் பனி காய்வதற்குள் தோட்டத்தில் இறங்கி வண்டு பிடித்தார். விற்க முடியாத கீரை பூத்துக் காய்த்து இடுப்பளவு நின்றது. பேருந்துப் பார்சலில் பாட்டில்கள் நைரோபிக்குப் போயின. நாற்பது, அறுபத்திரண்டு, நூற்றுப் பதினொன்று. முரேதியிடமிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லில் குறுஞ்செய்தி வந்தது. பெண்.

மூன்றாவது பார்சல் போன வாரம் கெஃபா வந்தார். தடை செய்யப்பட்ட தோட்டத்திலிருந்து எதையும் அகற்றுவது குற்றம், வண்டும் அதில் அடங்கும் என்று தெரிவித்தார். அகற்ற வேண்டுமானால் விண்ணப்பம் இருக்கிறது. அவரே கொண்டு வந்திருந்தார். நான்காம் கேள்வி: அகற்றப்படும் பூச்சியின் சரியான பெயர்.

"பேரு தெரியறதுக்காகத்தானே தம்பி அகத்தறேன்."

"புரியுதும்மா. ஆனா அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா மேல வாங்க மாட்டாங்க."

ஜெரிதா 'கீரை வண்டு' என்று எழுதினார். 'இப்படி ஒரு பூச்சி அறியப்படவில்லை' என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்குப் பின் அவர் வண்டுகளைக் கெட்சியாவின் கீரையில் பிடித்தார். அவை வேலிக்கு அந்தப்புறமிருந்து பறந்து வந்தவையே என்றாலும், அந்தப்புறத்துக்குத் தடை இல்லை.

ஆகஸ்ட் இறுதியில் எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. முரேதி இம்முறை தொலைபேசியில் அழைத்தார்.

"எல்லாமே பொம்பளைதாம்மா. எனக்கு ஒரு சந்தேகம். இந்த இனத்துல ஆணே இல்லாம இருக்கலாம்."

"ஆணில்லாம எப்பிடிண்ணே பொறக்கும்?"

"சில வண்டுங்கள்ல அப்பிடி உண்டு. பொம்பளை முட்டை போடும், அதுலேர்ந்து பொம்பளையே வரும். ஆம்பளை தேவையில்ல."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கெட்சியா பெருமூச்சு விட்டாள். "குடுத்து வெச்ச வண்டு."

ஆண் இல்லாத இனத்தைக் குறித்து நிறுவனத்தின் நடைமுறைக் கையேடு எதுவும் சொல்லவில்லை. பேராசிரியர் முதிசோ ஐவர் குழு ஒன்றை அமைத்தார். குழு மூன்று முறை கூடியது. ஒவ்வொரு முறையும் ஜெபத்தோடு தொடங்கி, தேநீருக்கும் மந்தாசி என்ற பொரித்த பணியாரத்துக்கும் இடைவேளை விட்டு, நன்றியுரையோடு முடிந்தது. கையேட்டின்படி இனம் என்பது ஆணால் அறியப்படுவது; ஆண் இல்லாததால் இது இனம் அல்ல; ஆயினும் வண்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு கையில் இருப்பதால் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. இந்த முடிவை ஐவரும் ஒருமனதாக ஏற்றார்கள்.

ஐரோப்பாவிலிருந்தும் பதில் வந்தது. 1894-ஆம் ஆண்டு வண்டு பத்திரமாக இருக்கிறது. அதன் வயிற்றுப் பகுதியை மட்டும் பெட்டிக்குள் புகுந்த வேறொரு வண்டு தின்றுவிட்டது. தின்ற வண்டு எந்த இனம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் என்றும், அதன் படம் வேண்டுமானால் அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

அக்டோபரில் நிலைமை மாறியது. நவம்பர் 7-ஆம் தேதி நடக்கவிருந்த பத்தாம் ஆண்டு விழாவுக்கு அமைச்சகத்தின் செயலரே வருவதாக உறுதியானது. நிறுவனம் கண்டறிந்த புதிய இனங்களின் பட்டியலை அவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். பேராசிரியர் முதிசோ முரேதியை அழைத்தார்.

"ஒரு ஆண் வேணும் முரேதி."

"லுசெங்கேலியில ஆணே இல்ல சார்."

"நான் லுசெங்கேலின்னு சொன்னேனா? கருநீலம், அஞ்சு மில்லிமீட்டர், மணத்தக்காளி மேல. அப்பிடி ஒரு ஆண்."

தேநீர் இடைவேளையில் முரேதி சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் போனார். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் மணத்தக்காளி தானாக முளைத்துக் கிடந்தது. நாலாவது செடியில் கருநீல வண்டு ஒன்று இருந்தது. ஆண். அதன் உறுப்பு இடப்பக்கம் வளைந்து, நுனியில் பிளவுபட்டிருந்தது. அப்படி ஒன்றை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. பத்தாண்டுகளாக நிறுவனம் தேடிய புதிய இனம், பத்தாண்டுகளாக அதன் சாக்கடையோரம் இருந்திருக்கிறது.

அன்று மாலை ஜெரிதாவுக்கு முரேதி தொலைபேசினார். வண்டு எங்கே கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை.

"ஆண் கெடச்சுடுச்சும்மா. விழாவுல பேரு அறிவிக்கறாங்க. உங்களையும் மேடையில உக்கார வெக்கறாங்க. பேரு வந்துட்டா அன்னிக்கே வாரியத்துக்குக் கடிதம் போயிடும்."

"கடவுள் உங்களை நல்லா வெக்கட்டும் அண்ணே" என்றார் ஜெரிதா. பிறகு பாத்ரோபாவிடம் தொலைபேசியில், விழா முடிந்ததும் சீட்டு வந்துவிடும் என்றார். விழாவுக்குக் கெட்சியாவின் நல்ல காலணியை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

விழா ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. செயலர் பதினொன்றரைக்கு வந்தார். எல்லாருக்கும் வண்டுப் படம் போட்ட சட்டையும் தொப்பியும் கொடுத்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் அறிமுகம். பேசிய ஒவ்வொருவரும் தம்மோடு வந்தவர்களை எழுந்து நின்று கை அசைக்கச் சொன்னார்கள். எழுந்தவர்கள் தம்மோடு வந்தவர்களை எழுப்பினார்கள். அறிமுகத்துக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஓட்டுநர்கள் வரை முடிந்த பிறகு பேராசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"வரிசைப்படி சொல்ல வேண்டிய பெரியவங்க பேரெல்லாம் சொன்னதா எடுத்துக்கங்க. நம்ம நாட்டுல வண்டுங்க எத்தனையோ காலமா இருக்கு. ஆனா பேரு இல்லாம இருக்கறது ஒரு இருப்பா? நாங்க பேரு வெக்கற வரைக்கும் ஒரு வண்டு இலையைத் திங்கலாம், முட்டை போடலாம், ஆனா அது இருக்குன்னு சொல்ல முடியாது. இன்னிக்கு ஒரு வண்டு பொறந்திருக்கு. அதுக்கு என் பேரை வெக்கணும்னு குழு வற்புறுத்துச்சு. குழுவுக்குத் தலைவர் நான்தான். ரொம்ப மறுத்தேன். கடைசியில பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டேன்."

கைதட்டலுக்கு நடுவே திரை விலகியது. ஆள் உயரத்துக்கு வண்டின் படம். கீழே 'முதிசோயி' என்று முடியும் லத்தீன் பெயர்.

"இந்த வண்டுக்காக நம்ம வாசல்ல மொதல்ல வந்து நின்னது ஒரு விவசாயி. ஜெரிதா அம்மா, இங்க வாங்க. உங்க வண்டை அமைச்சகத்துக்கு நீங்களே காட்டுங்க."

ஜெரிதா எழுந்து படத்துக்கு அருகில் போனார். நானூற்றுக்கும் மேற்பட்ட வண்டுகளை விரல்நுனியால் ஒவ்வொன்றாகப் பிடித்தவர் அவர். பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

"இதுக்குக் கால் கறுப்பா இருக்கு. என்னோடதுக்குச் சிவப்புங்க."

ஒலிபெருக்கி வேலை செய்துகொண்டிருந்தது. அரங்கின் கடைசி வரிசையில் முரேதி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

பேராசிரியர் படத்தையும் ஜெரிதாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்? எழுத்து வாசனை அதிகம் இல்லாத ஒரு விவசாயி, நுண்ணோக்கி இல்லாம, பத்தடி தூரத்துலேர்ந்து இந்த வண்டு வேற, என் வண்டு வேறன்னு சொல்றாங்க. இதைவிட என்ன சான்று வேணும், இது புது இனம்னு?"

செயலரே எழுந்து கைதட்டினார். ஜெரிதாவுக்கு அப்போதுதான் தாம் செய்தது விளங்கியது.

"ஐயா, கால் நிறமெல்லாம் கணக்கில்லேன்னு உள்ள சொன்னாங்களே."

"ஆண் இருந்தா கணக்கில்லம்மா. உங்க வண்டுல ஆண் இல்லையே. அப்புறம் வேற எதை வெச்சுப் பிரிக்கறது?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு வெச்சுக்கலாங்க. எனக்குப் பரவால்ல."

"அறிவியல்ல வெச்சுக்கறது எல்லாம் கிடையாதும்மா" என்றார் பேராசிரியர் கனிவோடு. ஜெரிதாவின் தோளைப் பிடித்துப் புகைப்படக்காரரின் பக்கம் திருப்பினார்.

மதிய உணவில் பிலாவ் சோறும் சப்பாத்தியும் கோழியும் மணத்தக்காளிக் கீரையும் இருந்தன. கீரையின் இலைகளில் ஓட்டை இருந்ததா என்று யாரும் ஆராயவில்லை. ஜெரிதா வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது முரேதி பக்கத்தில் வந்தார்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

வரிசை நகர்ந்தது.

விழாவில் வெளியிட்ட நிறுவன ஆய்விதழின் முதல் தொகுதி ஏற்கனவே அச்சாகியிருந்தது. ஆகவே அறுபத்து நான்காம் பக்கத்தில் ஒரு சிறு சீட்டை ஒட்டினார்கள்: 'புதிய இனம், லுசெங்கேலியில் காணப்படும் சிவப்புக் கால் வடிவத்திலிருந்து தெளிவாக வேறுபடுகிறது (ஜெ. முஹோன்ஜா, நேரில் கூறியது). அவ்வடிவத்தில் பெண்கள் மட்டுமே அறியப்பட்டுள்ளதால் அது இன்னதெனக் கூற இயலாது.'

நவம்பர் 19 அன்று கெஃபா அந்தப் பக்கத்தின் நகலோடு வந்தார். கையில் புதிய உத்தரவும் இருந்தது.

"பழைய உத்தரவுல 'இன்னும் தெரியாத வண்டு'ன்னு இருந்துச்சும்மா" என்றார். "அதுல ஒரு நிச்சயமில்லாம இருந்துச்சு. இப்ப நிறுவனமே அச்சுல சொல்லிடுச்சு. அதனால 'இன்னதெனக் கூற இயலாது என உறுதி செய்யப்பட்ட வண்டு'ன்னு மாத்தியிருக்கோம்."

"உறுதி பண்ணது யாரு?"

கெஃபா நகலை அவரிடம் நீட்டி, அடைப்புக்குறிக்குள் இருந்த பெயரைக் காட்டினார்.

"அக்கா பேரு புத்தகத்துல வந்திருக்கு" என்றாள் கெட்சியா, எட்டிப் பார்த்துவிட்டு. "வண்டுக்குத்தான் வரல."

ஜெரிதா சிரிக்கவில்லை. கீரையைப் பிடுங்கிவிட்டுச் சோளமாவது போடலாமா என்று கேட்டார். உத்தரவு நீங்கும் வரை பிடுங்கக் கூடாது என்றார் கெஃபா. எப்போது நீங்கும்? ஆண் வண்டு கிடைத்ததும்.

விடுதிப் பள்ளி அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான உணவுப் பட்டியலை நவம்பர் 28, வியாழக்கிழமை, அலுவலக வாசலில் ஒட்டியது. திங்கள், புதன், வெள்ளிக்கு நேரே முட்டைக்கோஸ் என்று இருந்தது.